திரையில் ஒரே முகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டு தடவை. பல் செட்டுக்கு அச்சு வார்த்துக்கொண்டிருந்தேன், கை முழுக்க மாவு. முழங்கையால் போனைத் தட்டி எடுத்தால், "அக்கா, எங்க இருக்க?" "லேபுலடா." வைத்துவிட்டான். நாலு நிமிஷத்தில் மறுபடி.

யாரைக் குறை சொல்ல? நானே இழுத்துவிட்டுக்கொண்டது. தம்பிக்கு முப்பத்தாறு வயசு. எழுத்தும் நம்பரும் தலையில் ஏறாது. அவன் போனில் மற்றதையெல்லாம் மறைத்து, அப்பா படமும் என் படமும் மட்டும் பெரிசாக வைத்தேன். தொட்டால் போதும், போன் போகும். அவனே முதன்முதலாகக் கூப்பிட்டபோது அழுதேன். அப்பா போய் ஒரு வருஷம். இப்போது திரையில் நான் மட்டும்தான். இப்போதும் அழுகை வருகிறது, வேறு மாதிரி.

மார்ச் 6

எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். செருப்புகூடப் போடாமல் என்னைத் தேடித் தெருவில் இறங்கிவிட்டானாம். அம்மாவால் பின்னாலேயே ஓட முடியுமா?

மார்ச் 11

பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றும் பயிற்சிக்கு முதலாளி என்னை அனுப்புகிறாராம். வெளியூர், மூன்று வாரம். பதினோரு வருஷத்தில் நான் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம்! ஆனால் வகுப்பு முழுக்கப் போனை அணைத்து வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும்.

மார்ச் 12

தம்பி போனில் உன் படத்தையும் வைக்கட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன். "ஐயோ, என் நம்பர் மட்டும் வேணாம்மா. மீட்டிங்ல மானம் போயிடும்." எனக்கு மானமே கிடையாதாக்கும்.

மார்ச் 13

அண்ணன் வேண்டாமென்றும் கேட்காமல் அவன் படத்தை வைத்துவிட்டேன். பாதித் திரை நான், பாதித் திரை அண்ணன். தம்பி கைதட்டிச் சிரித்தான். முதலாளியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தப்புதான். இருக்கட்டும்.

மார்ச் 15

காலையில் அண்ணனிடமிருந்து செய்தி: "நேத்து மட்டும் இருபத்தேழு தடவை. பிளாக் பண்ணிட்டேன்."

மார்ச் 16

நேற்று பகல் முழுக்கத் தம்பி அண்ணன் படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டான் — "அக்கா, அண்ணன் செத்துட்டானா?"

தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் உறைத்தது. அப்பா போனபிறகும் அவர் படத்தை எடுக்க மனசு வராமல் ரெண்டு மாசம் அப்படியே விட்டிருந்தேன். தினமும் தொட்டிருப்பான், பதில் வந்திருக்காது. பதில் வரலைன்னா ஆள் இல்லை — அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அப்போ, நான் எடுக்காத அன்னைக்கு அவன் எதுக்கு ஓடினான்? கடவுளே.

அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். "நீ செத்துட்டன்னு சாப்பிடாம உக்காந்திருக்கான்! உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

மார்ச் 17

பிளாக்கை எடுத்துவிட்டான். மீட்டிங் முடிந்ததும் அவனே திருப்பிக் கூப்பிடுவானாம். பார்ப்போம்.

ஏப்ரல் 3, பயிற்சி விடுதி

ஐந்து மணிக்குப் போனைப் போட்டேன். தம்பியிடமிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. நானே கூப்பிட்டேன். பிஸி. மறுபடி பிஸி. மூன்றாவது தடவை எடுத்தான். "அக்கா, அண்ணன் கூப்பிடுவான். வை."

வைத்துவிட்டான்.

இதற்குத்தானே ஆசைப்பட்டாய், சந்தோஷப்படேன்டி! முடியவில்லை. ஆறரைக்குள் இன்னும் ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இங்கதான் சாப்பிட்டுக்கிட்டிருக்கான்," என்றாள் அம்மா. "உனக்கு என்னடி வந்துச்சு, நிமிஷத்துக்கு ஒரு தடவை?"