தெற்கிலிருந்து வருபவை

கோசோ தீவு,
மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாள்.

அன்புத் தம்பி பெர்த்துவுக்கு,

பதினோரு வருடம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாய். யாரும் சாகவில்லை. எனக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது, அவ்வளவுதான். இரண்டு கண்ணிலும் புரை. முடித்துவிட்டு டாக்டர் கமில்லேரி, துப்பாக்கியின் உதை ஆகாது, ஒரு வருடம் தொடவே கூடாது என்றார். "அப்ப ஏப்ரல் வேட்டைக் காலத்துல நான் என்னதான் செய்யறது?" என்றேன். "பறவையைப் பாருங்களேன். அதுவும் அதைத்தான் விரும்பும்" என்றார்.

பரணில் நீ விட்டுப்போன இரட்டைக்குழல் தொலைநோக்கி கிடந்தது. உன் கண்ணுக்கு நீ திருகி வைத்திருந்த அளவை என் கண்ணுக்கு மாற்றிவிட்டேன். கோபிக்காதே.

பெர்த்து, கொண்டலாத்தியின் கொண்டையில் ஒவ்வோர் இறகின் நுனியிலும் கறுப்பு மை தொட்டு வைத்திருக்கிறது! நம் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பஞ்சடைத்த கொண்டலாத்திகள் நான்கு நிற்கின்றன. அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து உன் அண்ணி ஸ்டெல்லா வருடந்தோறும் ஈஸ்டருக்கு முன் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று காலை அவளிடம் சொன்னேன். "அதானே, போகவே மாட்டேங்குதேன்னு பார்த்தேன்" என்றாள்.

வேட்டைக்காரர் மன்றத்தில் என் கூட்டாளி நார்து என் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, "குழல் ரெண்டும் சரியா இருக்கு. விசை எங்கடா வென்சு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று நான் சுட்ட தேன்பருந்தைப் பற்றியும், நீ போலீசுக்குப் போனதைப் பற்றியும், நீ ஊரைவிட்டுக் கிளம்பியபோது நான் கதவைத் திறக்காததைப் பற்றியும் எழுத இந்தக் கடிதம் இல்லை. கொண்டலாத்தியைப் பற்றி மட்டும்தான். முடிந்தால் பதில் போடு.

உன் அண்ணன்,
வென்சு


ஏப்ரல் 23

அன்புள்ள பெர்த்து,

உன் பதில் வழியில் எங்கேயோ வந்துகொண்டிருக்கும். மெல்போர்ன் தூரம்தானே.

நேற்று ஒரு தப்புச் செய்துவிட்டேன். அப்பாவின் நிலத்துக்குக் கீழே ஓடையில் ஒரு செந்நாரை இறங்கியது. கழுத்தை எழுதியது யார் என்று கேட்கத் தோன்றும். அத்தனை சுத்தமான கோடு. பெரிய பறவையைக் கண்டால் கூட்டாளிக்கு இரண்டு சீழ்க்கை அடிப்பது எங்கள் நாற்பது வருடப் பழக்கம். சந்தோஷத்தில் அடித்துவிட்டேன்.

கல்சுவர்களுக்குப் பின்னாலிருந்து ஏழு தொப்பிகள் எழுந்தன. ஏப்ரலில் சட்டம் சுட விடுவது காடையை மட்டும்தான்; அவர்களும் காடைக்காகத்தான் காத்திருந்தார்களாம். இடுப்பளவு உயரமுள்ள காடை.

என்ன செய்வது? சுவரைத் தாண்டிக் குதித்து, நார்துவின் வெங்காயப் பாத்திகளை மிதித்துக்கொண்டு, தொப்பியை வீசியபடி, மாதா கோவில் திருவிழாப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு நாரைக்கு நேராக ஓடினேன். என்னைச் சுடாமல் அதைச் சுட முடியாது. நார்து கொஞ்ச நேரம் யோசித்தான் என்று நினைக்கிறேன். நாரை கடலைத் தாண்டி சிசிலிப் பக்கம் போய்விட்டது!

மாலை மன்றத்தில் என் தேநீர் மட்டும் ஆறி வந்தது. என் பக்கத்து நாற்காலிகள் காலி. நார்து என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "இவங்க வீட்டுல ஒருத்தனை விரட்டினா இன்னொருத்தன் முளைக்கிறானே!"

பதினோரு வருடத்தில் அந்த மன்றத்தில் உன் பேச்சு எழுந்தது இதுதான் முதல் தடவை. ஆறிய தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தேன். காலி நாற்காலிகளுக்கு நடுவே எப்படி உட்கார்ந்திருப்பது என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

வென்சு


செப்டம்பர் 20

பெர்த்து,

கோடையில் எழுத ஒன்றுமில்லை. பாறையில் ஒரு நீலப் பூங்குருவி உட்கார்ந்திருந்தது. நாற்பது நாள் அதையே பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அலுக்கவில்லை.

நேற்று தேன்பருந்துகள் வந்தன! வடக்கிலிருந்து, வட்டமடித்து, ஒன்றன் மேல் ஒன்றாக. சாயங்காலம் அப்பாவின் பைன் மரங்களிலேயே இறங்கிவிட்டன. பறவை ஆர்வலர்கள் எண்ணிக்கை எழுதக் கொடுத்த நோட்டோடு நான் மரத்தடியில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். நார்து வந்தான். கையில் துப்பாக்கி இல்லை, ஆனாலும் எழுந்து நின்றுகொண்டேன்.

"எத்தனைன்னு எழுதியிருக்கே?"

"இருபத்து மூணு."

"பொய்" என்று தொலைநோக்கியைப் பிடுங்கி எண்ணினான். "இருபத்து நாலு. எண்ணத் தெரியாதவன்கிட்ட நோட்டைக் குடுத்திருக்கானுங்க" என்றான். பிறகும் அவன் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டே போனான். கடைசியில், "கண்ணு மஞ்சளா இருக்குடா" என்றான். "எத்தனையைக் கையில பிடிச்சிருக்கேன். ஒண்ணுகூட கண்ணைத் திறந்து பார்த்ததில்லையே."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். போலீசார் எடுத்துப்போனது போகப் பழைய தேன்பருந்து ஒன்று இருக்கிறதே, அதற்குக் கண்ணாகப் பழுப்புக் கண்ணாடி மணி பதித்திருக்கிறது. இத்தனை வருடம் ஊரே வந்து பார்த்துப் பாராட்டிய பறவை அது. பஞ்சடைத்தவனையும் குறை சொல்ல முடியாது. அவனிடம் நாங்கள் திறந்த கண்ணோடு எதையும் கொண்டுபோனதில்லை. அதை எடுத்துவிட்டேன். காலி இடத்தில் ஸ்டெல்லா மாதா சொரூபத்தை வைத்தாள். பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. நம் இருவரின் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. வேண்டாம், எழுதாதே. ஒரு காரியம் மட்டும் செய். உன் தொலைநோக்கியின் அளவை மாற்றினேன் என்றேனே, அதை உன் கண்ணுக்குத் திருப்பி வைக்கப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நீ வந்துதான் வைக்க வேண்டும்.

குளிருக்குள் செம்மார்புக் குருவிகள் வந்துவிடும். அவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏப்ரலில் கொண்டலாத்தி, மாங்குயில், பஞ்சுருட்டான் எல்லாம் வரும். எல்லாமே தெற்கிலிருந்துதான் வருகின்றன. மெல்போர்னும் தெற்கில்தான் இருக்கிறது என்று ஸ்டெல்லா சொல்கிறாள்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தத் தடவை கதவு திறந்திருக்கும்.

அண்ணன்