மூடி சரியாக உட்கார்ந்தது, பிலோமினா

என் உயிரான பிலோமினாவுக்கு,

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் வந்திருந்தேன். சாமந்தி மாலையும் நாலு மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தேன். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, நானும் ஏற்றிக்கொண்டே இருந்தேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். ஆனால் பக்கத்துக் கல்லறையில் ஒரே கூட்டம், அந்தப் பக்கம் யாரோ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்க வெட்கமாகப் போய்விட்டது.

போன வருஷம் இறந்தவர்களைப் பற்றி வீட்டில் இருப்பவர்கள் நாலு வரி எழுதித் தாருங்கள், கோயில் மலரில் போடலாம் என்று பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை இது. ஊரே படித்தாலும் பரவாயில்லை. உன்னைப் பார்த்து நான் சிரித்ததும் ஊருக்கு முன்னால்தானே?

நீ சொன்னது சரி, பிலோ. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

மொபெட்டிலிருந்து விழுந்து என் வலது மணிக்கட்டு நொறுங்கியபோது, கடைசல் பட்டறையை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். காய்ந்த வேம்பிலோ தேக்கிலோ உளியை வைத்தால் கை அதிர்ந்து உயிர் போகும். கட்டில் கால் கடைந்த கையால் பூரிக்கட்டைகூடக் கடைய முடியவில்லை. எட்டு மாதம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பீங்கான் கம்பெனிக்கு நீ போய் வந்துதான் அடுப்பு எரிந்தது. ஒருநாளும் நீ அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பிறகு அந்தப் பூவரசங் கிளை வந்தது. கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று தெருவில் வெட்டிப் போட்டிருந்தார்கள். சும்மா ஒரு துண்டை அறுத்து மெஷினில் மாட்டிப் பார்த்தேன். பச்சை மரம், வாழைத்தண்டு மாதிரி வெட்டுப்பட்டது. சீவல் நீளநீளமாகச் சுருண்டு தோளில் விழுந்தது, மரத்திலிருந்த ஈரம் முகத்தில் தெறித்தது. கை வலிக்கவேயில்லை. ஒரு மணி நேரத்தில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று கடைந்துவிட்டேன். அப்போது உன்னை நான் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவில் போன நாலு பேர் வந்து நின்றார்கள்.

நீ ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாய். டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தாய், மூடினாய். கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். அப்புறம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாய்.

"எங்க மண்ணும் இப்பிடித்தாங்க. பச்சையில..."

"மண்ணு பொம்மைக்கும் மரத்துக்கும் என்னா சம்பந்தம்? போயி எல்லாத்துக்கும் டீ போடு, போ" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீயும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாய். அடுத்த துண்டை மாட்டி மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்தான் நீ இருந்தாய். ஐந்து நாள் காய்ச்சல், ஆறாம் நாள் நீ இல்லை. அதை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியாததா?

நீ போன பிறகு பட்டறைக் கதவைத் திறக்கவில்லை. ஜெனி புதுச்சேரியிலிருந்து வாராவாரம் வந்தாள். "மெஷின வித்துட்டு எங்க வூட்டுக்கு வந்துடுப்பா. அவரும் அதத்தான் சொல்றாரு" என்றாள். தை மாதம் வரை யோசித்துச் சொல்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். அந்தத் தை மாதத்தில்தான் பழமலைநாதர் கோயில் பக்கம் குங்குமக் கடை வைத்திருக்கிற முருகேசன் வந்தார். ஜன்னலில் இருந்த, நீ போன பிறகு நான் திறந்தே பார்க்காத நம் பூவரச டப்பாவை எடுத்து மேலாகத் திருப்பிப் பார்த்தார். மாசி மகத்துக்குள் ஐம்பது குங்குமச் சிமிழ் வேண்டும் என்றார்.

அடுத்த இருபது நாளும் நீ இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்துக் கடைந்தேன். பச்சை மரம்தான், கை ஒத்துழைத்தது. ஐம்பது சிமிழும் மூடி பொருந்தி, வழவழவென்று, பார்க்க அவ்வளவு அழகு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வழியில் நின்று ஒரு டீ குடித்தேன். நீ போன பிறகு அன்றைக்குத்தான் டீ ருசியாக இருந்தது.

பத்தாம் நாள் முருகேசன் சாக்கோடு வந்து நின்றார்.

"சாமி, தப்பா எடுத்துக்காதீங்க. மூடி தொறக்கவே மாட்டேங்குது. ஒரு அம்மா பல்லால கடிச்சித் தொறந்துச்சி. பல்லு ஆடுதுன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க."

சாக்கைக் கவிழ்த்தேன். வட்டமாகக் கடைந்ததெல்லாம் முட்டை வடிவமாகியிருந்தது. சிலது மூடியைக் கவ்விப் பிடித்திருந்தது, சிலதில் மூடி நிற்கவேயில்லை. பதினைந்து இருபது நடுவில் பிளந்திருந்தது. திருவிழாவுக்கு பிளாஸ்டிக் டப்பாவே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கோபமாகப் பேசியிருந்தாலாவது பரவாயில்லை, பாவம் பார்த்துப் பேசினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனி வந்தாள். தரையில் கிடந்ததையெல்லாம் பார்த்தாள். "போதும்ப்பா" என்று மட்டும் சொன்னாள். பூசைக்குப் போய்விட்டு வந்து மெஷினுக்கு ஆள் பார்க்கச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுதான் உன் குரல் கேட்டது. கனவு, தரிசனம் எல்லாம் இல்லை. ஞாபகம்தான். 'எங்க மண்ணும் இப்பிடித்தாங்க. பச்சையில...' பச்சையில என்ன, பிலோ? அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாய்? எவ்வளவு யோசித்தும் அந்த இடத்தில் மோட்டார் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் காலை உன் கம்பெனிக்குப் போனேன். பதினெட்டு வருஷம் அந்த கேட் வரைக்கும் வந்திருக்கிறேன். மழை நாளில் குடையோடு நின்றிருக்கிறேன். உள்ளே ஒருதரம்கூட வந்ததில்லை, உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டதுமில்லை. வாட்ச்மேன் உன் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உன்னோடு வேலை செய்த தனலட்சுமி வந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து அச்சைப் பிரித்து, ஈரப் பொம்மைகளை எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார், அன்னை மரியாள், நாய்க்குட்டி, சர்க்கரை ஜாடி எல்லாம் ஒரே பலகையில். அவற்றின்மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது.

"வெயில்ல வெச்சா சீக்கிரம் காஞ்சிடாதாம்மா?" என்று கேட்டேன்.

"காஞ்சிடும்ணா, ஆனா வெடிச்சிடும். மேல காஞ்சி உள்ள காயலன்னா கோணிக்கும். பச்சையில எவ்ளோ அழகா செஞ்சாலும் அது சுருங்கத்தாண்ணா செய்யும். அதனால முதல்ல கொஞ்சம் தடிமனா வுட்டுடணும். மூடிப் போட்டு மெதுவா காய வுடணும். அது சுருங்கற அளவுக்குச் சுருங்கி முடிச்சப்பறம்தான் சீவி, மூடியச் சரி பாக்கணும்."

தனலட்சுமி ஒரு ஜாடியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டது. "சில்லுனு இருக்குது பாருங்க. அப்படின்னா உள்ள ஈரம் போவலன்னு அர்த்தம். இது பிலோமினாக்கா சொல்லிக் குடுத்ததுண்ணா. புதுசா வர பொண்ணுங்களுக்கெல்லாம் அவங்கதான் சொல்லிக் குடுப்பாங்க."

நீ என் டப்பாவைக் கன்னத்தில் வைத்ததை, நீ போன பிறகு எத்தனை தடவை நினைத்து அழுதிருப்பேன்! என்மேல் இருந்த பிரியத்தில் வைத்தாய் என்றுதான் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். நீ ஈரம் பார்த்திருக்கிறாய். பிரியமும் இருந்திருக்கும், இல்லையா?

"ஒரு நாளு சாப்பாட்டு நேரத்துல சொன்னாங்கண்ணா" என்றது தனலட்சுமி. "எங்க வூட்டுக்காரரு பச்ச மரத்துல டப்பா கடையறாரு, அப்பிடியே கை வலியெல்லாம் மறந்து பச்சப்புள்ள மாதிரி சிரிக்கறாரு. ஆனா அது கோணிக்கும், சொன்னா கேக்க மாட்டாரு, ரெண்டு கோணட்டும், அப்பறம் அவரே வந்து கேப்பாருன்னு."

அங்கேயே ஒரு மண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. கேட்க வந்தேனே பிலோ, வந்துதானே கேட்டேன். நீ நினைத்ததைவிட எட்டு மாதம் தாமதமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜெனிக்கு போன் போட்டு, மெஷினை விற்கவில்லை, ஆடி மாதம் வரைக்கும் பொறு என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். புதுசாக ஒரு பூவரச மரத்துண்டு வாங்கினேன். நடுத்தண்டு இருக்கிற பாகத்தை அறுத்துத் தள்ளினேன், பிளந்ததெல்லாம் அந்த இடத்தில்தான் பிளந்திருந்தது. பச்சையாக இருக்கும்போதே மறுபடி ஐம்பது சிமிழை உள்ளும் புறமும் பெரும்பாலும் கடைந்து, விரல் தடிமனுக்கு விட்டுவிட்டேன். அடியும் மூடியுமாகச் சேர்த்து நியூஸ் பேப்பரில் சுற்றினேன். உன் அரிசி டிரம்மில் சீவலைக் கொட்டி, அதற்குள் புதைத்து, மூடியைச் சாத்தி வைத்தேன்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சித்திரை வெயில் கொளுத்தியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வெளியே வைத்தால் என்ன என்று கை பரபரத்தது. வாராவாரம் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைப்பேன். சில்லென்று இருக்கும், திரும்பப் புதைப்பேன். ஒரு ஞாயிறு ஜெனி என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டாள். என்னவென்று கேட்டாள், சொன்னேன். பிறகு அவளும் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு மெஷினை விற்கிற பேச்சை அவள் எடுக்கவில்லை.

ஆனி கடைசியில் சில்லிப்பு போனது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் கோணியிருந்தது, ஆனால் பிளந்தது ஆறுதான். கோணியதை மறுபடி மெஷினில் மாட்டினேன். காய்ந்த மரம், கை தாங்குமா என்று பயம். அப்போதுதான் உன் கணக்கு முழுசாகப் புரிந்தது. கடுமையான வேலையெல்லாம் பச்சையிலேயே முடிந்துவிட்டதே! மிச்சம் இருந்தது மேலாகச் சீவுகிற வேலைதான். காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவினேன், மணிக்கட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியை வைத்து அழுத்தினேன். 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. திருப்பிப் பிடித்தேன், விழவில்லை. இழுத்தேன், சுகமாகத் திறந்தது. இருபது முப்பது தடவை திறந்து திறந்து மூடியிருப்பேன்.

முருகேசன் லேசில் நம்பவில்லை. "ஒரு மாசம் கடையில கெடக்கட்டும் சாமி. தொறந்தா விக்கறேன்" என்றார். நியாயம்தானே? ஆவணி பிறந்ததும் அவரே வந்தார். "இன்னும் நூறு வேணும். மெதுவாவே குடுங்க, அவசரமில்ல" என்றார். இப்போது ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறது, தெருவெல்லாம் சேறு. இந்த ஈரத்திலும் மூடி திறக்கிறது, பிலோ. தினமும் காலையில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறேன்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று முருகேசன் கேட்டார். "எங்க வூட்டுக்காரம்மா" என்றேன். "அவங்க..." என்று இழுத்தார். "ஆமா, அவங்கதான்" என்றேன்.

போன வாரம் ஜெனி போன் பண்ணியபோது வழக்கம்போல, சாப்பிட்டியா, பேரன் எப்படி இருக்கான் என்று கேட்டேன். வைக்கப் போனவன் நிறுத்திக் கேட்டேன்: "ஏம்மா, ஆஸ்பத்திரி லேப்ல நீ தினம் என்னா வேல செய்யற?"

"ஏம்பா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கறேன். தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்."

ஆறு வருஷமாக அவள் அந்த வேலையில் இருக்கிறாள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினாள். ரத்தத்தில் அணு எண்ணுகிறது, ஒரு சொட்டு தப்பாகிப் போனால் ஒரு ஆளுக்கு மருந்தே மாறிப் போகிறது என்று என்னென்னவோ சொன்னாள். பாதிதான் விளங்கியது. ஆனால் அவள் குரல் இருந்ததே, அப்படி ஒரு குரலை என்னிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படியில் உன்னிடம்தான் அப்படிப் பேசிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை வா அப்பா, பெரியவங்ககிட்ட கேட்டு உள்ள கூட்டிக்கினு போறேன், லென்ஸ்ல காட்டறேன் என்றாள்.

நாளைக்குத்தான் சனிக்கிழமை, காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். கேட் வரைக்கும் இல்லை, உள்ளே போகிறேன். அவள் வேலை செய்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். விளங்காததைக் கேட்பேன், விளங்குகிற வரைக்கும் கேட்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் அப்பா
அந்தோணிசாமி