விரல் எங்கே இருந்தது

21 ஜனவரி 2025, செவ்வாய்

இன்று கடையில் ஒரு வாடிக்கையாளரை நோக்கி இஞ்ச் டேப்பை நீட்டிவிட்டேன். அளக்க அல்ல, சுட.

பில் போடும் பெண் புது ஸ்கேனரை அழுத்தினாள். அது 'பீப்' என்றது. பாலவாக்கம் துப்பாக்கி கிளப்பில் ஆட்டம் தொடங்க அடிக்கிற பஸ்ஸரும் அச்சு அசல் அதே 'பீப்'. என் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே சொருகியிருந்தது டேப். இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையை நேராக்கி, ஒரு மயிலாப்பூர் மாமியின் மூக்குக்கு நேரே நிறுத்தினேன். மாமி ரவிக்கைத் துணியைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, இந்தக் கலர் வேண்டாம்னுதானே சொன்னேன்? அதுக்குப் போய் சுடுவியோ?"

கல்லாவில் இருந்த தம்பி சக்திவேலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவனுடைய இடது கண் கண்ணாடிக் கண். அவன் எவ்வளவு சிரித்தாலும் அது மட்டும் சிரிப்பதில்லை.

28 ஜனவரி, செவ்வாய்

நாற்பத்தாறு வயது. தொண்ணூற்றாறு கிலோ. பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டாவது முயற்சியில். தி.நகரில் லைனிங் துணிக் கடை. இந்த ஆளுக்குத் துப்பாக்கி எதற்கு?

மகள் சிந்துதான் முதலில் சேர்ந்தாள். அழைத்துப் போய் அழைத்து வருவது மட்டும்தான் என் வேலை. கோச் கலீமுல்லாதான், "சும்மா பெஞ்சுல குந்திக்கினு என்னாத்தப் பண்றீங்க அண்ணாச்சி, வாங்க" என்று பெல்ட்டை மாட்டிவிட்டார். சிந்துவுக்குப் பரீட்சை வந்தது, நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு ஆதம்பாக்கத்திலிருந்து கார் எடுத்துப் போய்விட்டு, கடை திறக்க வந்துவிடுகிறேன்.

கேஸில் இயங்கும் பிஸ்டல், மிளகு அளவு இரும்புக் குண்டு. நின்ற இடத்தில் சுடுகிற ஆட்டம் இல்லை இது. ஓட வேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும், பழுப்பு அட்டைகளை மட்டும் சுட வேண்டும். வெள்ளை அட்டை என்றால் அப்பாவி ஆள். அதில் பட்டால் புள்ளியில் பத்து போச்சு. கிடைத்த புள்ளியை, எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். அதாவது குண்டும் சரியாகப் பட வேண்டும், ஆளும் சீக்கிரம் வேலையை முடிக்க வேண்டும்.

பஸ்ஸர் அடித்து, உறையிலிருந்து எடுத்து, முதல் குண்டு சுட எனக்கு இன்று ஆன நேரம் 4.1 விநாடி.

"நாலு செகண்டுல டீயே ஆத்தி குட்த்துடலாம் அண்ணாச்சி."

4 பிப்ரவரி

வீட்டில் காலிப் பிஸ்டலோடு பயிற்சி. பீரோ கண்ணாடி முன்னால் லுங்கிமேல் பெல்ட். எடு, நீட்டு, வை. ஐம்பது தடவை. பேச்சியம்மாள் காபியோடு வந்து நின்று பார்த்தாள். "துப்பாக்கிய எடுக்கிறதுக்கு முன்னாடி இடுப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க."

வீட்டுக்காரி சொன்னதில் பொய் இல்லை.

11 பிப்ரவரி

"லெஃப்ட் கண்ண ஏன் மூடறீங்க? ரெண்டும் தொறந்தே இருக்கணும்." கலீமுல்லா மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அந்தக் கண் கேட்கவில்லை, மூடிக்கொண்டது. கடைசியில் என் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில் மங்கலான டேப் ஒன்றை ஒட்டிவிட்டார். கண் திறந்தே இருக்கலாம், பார்க்க மட்டும் வேண்டாமாம்.

பழகட்டும் என்று அதையே மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இடது பக்கமாக வந்த டீ டம்ளர் தெரியவில்லை. பையன் சட்டை பாழ். வாசல் கதவில் தோள் இடித்தது. சக்தி பார்த்துவிட்டு, "வாண்ணே வா, நம்ம கட்சிக்கு!" என்று கை நீட்டினான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு கோடவுனுக்குப் போய்க் கழற்றினேன். எனக்கு ஒரு காலைப்பொழுதுதான் — அவனுக்கு?

கடையில் எப்போதும் அவனுடைய இடது பக்கம் நிற்பது நான். யாரும் கவனித்ததில்லை. அந்தப் பக்கம் வருகிற ஆளையும் தள்ளுவண்டியையும் நான் பார்த்துக்கொள்வேன். அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்கிற வேலை.

18 பிப்ரவரி

2.6 விநாடி! கலீமுல்லாவே கைதட்டினார்.

கிளப்பின் தகரக் கூரைமேல் புறாக்கள் வந்து குடியேறியிருக்கின்றன. பஸ்ஸருக்கு முன்னால் எல்லோரும் அமைதியாக நிற்கும் அந்த இரண்டு விநாடியில் அதுகள் இறக்கை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. அதற்குப் பிறகு சுட்ட ஆறும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும், வெள்ளை அட்டையில், கழுத்துக்கு மேலே. அதற்கு முகம் வரைந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

25 பிப்ரவரி

போகவில்லை. முதுகுவலி என்று சொன்னேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

11 மார்ச், செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் தடுப்பிலிருந்து இரண்டாவதற்கு ஓடும்போது பிஸ்டல் வெடித்தது. குண்டு என் காலுக்கு முன்னால் தரை விரிப்பில் போயிற்று. கலீமுல்லா "ஸ்டாப்!" என்றார். பிஸ்டலை வாங்கிக்கொண்டார். சத்தமே போடாமல் கேட்டார்.

"இன்னா ஆச்சு?"

"தானா வெடிச்சிருச்சு."

வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் காதில் கேட்டது. அதே வார்த்தை. அதே குரல். பதினேழு வயசுக் குரல்.

கலீமுல்லா குண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, கேஸை விட்டுவைத்து, பிஸ்டலை இடுப்பு உயரத்திலிருந்து விரிப்பில் போட்டார். 'தொப்'. எடுத்தார், மறுபடி போட்டார். பத்து தடவை. ஒரு தடவைகூட வெடிக்கவில்லை.

"துப்பாக்கி தானா வெடிக்காது அண்ணாச்சி. வெரல் ட்ரிக்கர் வளையத்துக்குள்ள பூந்தாத்தான். ஓடும்போது வெரல் எங்க இருந்திச்சு?"

"உள்ள."

"அத்த சொல்லுங்க. அத்த சொல்லிட்டா சரி பண்ணிடலாம்."

சரி பண்ணிடலாமா பாய்?

1996, மே. அப்போது கடைக்கு மேல்தான் குடியிருந்தோம். மொட்டை மாடியில் துணி கோடவுன். புறாக்கள் துணியைக் கட்டுக் கட்டாக நாசம் பண்ணிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு ஏர்கன் வாங்கி வந்தார். தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த புறாவுக்கு நான் குறிவைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "அண்ணே!" என்று சத்தம். பதினோரு வயது சக்தி, கையில் எனக்கு டீ. துப்பாக்கியோடு அப்படியே திரும்பினேன். விரல் உள்ளே இருந்தது.

துப்பாக்கி கீழே விழுந்து தானாக வெடித்தது என்று அப்பாவிடம் சொன்னேன். விழுந்தது உண்மைதான். வெடித்த பிறகு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பா அவனிடம், "ஏலே, துப்பாக்கி விழுந்துதான் வெடிச்சுதா?" என்றார். முகம் முழுக்கக் கட்டு. "ஆமாப்பா" என்றான். அவன் என் பக்கம் திரும்பவேயில்லை.

பார்த்தானா, பார்க்கவில்லையா? தெரியாமல் ஆமாம் என்றானா, எனக்காக ஆமாம் என்றானா? அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். பேச்சிக்குத் தெரியாது. சிந்துவுக்குத் தெரியாது. அவனிடம் நான் கேட்டதேயில்லை. கேட்க வேண்டுமென்றால் முதலில் நான் சொல்ல வேண்டுமே — என்ன மனுஷன்டா நான்.

12 மார்ச்

சக்திக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. "பசியில்லையாண்ணே?" என்று தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து வைத்தான்.

18 மார்ச்

கிளப்பை விட்டுவிடலாம் என்றுதான் போனேன். பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கலீமுல்லா வாங்கிக்கொள்ளவில்லை.

"வெரல மட்டும் பழகுங்க. வேகம் வாணாம், ஸ்கோர் வாணாம். ஓடும்போது வெரல் வெளியே படுத்துனு இருக்கணும். நீங்க மறந்தாலும் அது மறக்கக் கூடாது."

8 ஏப்ரல்

தினமும் காலையில் நூறு தடவை. சுடுவதில்லை. சமையலறையிலிருந்து வாசல்வரை காலிப் பிஸ்டலோடு நடக்கிறேன், விரல் வெளியே நீட்டிக்கொண்டு. திரும்புகிறேன். மறுபடி நடக்கிறேன். "கொலு பொம்ம மாதிரி விறைச்சுக்கிட்டுப் போறீங்க" என்கிறாள் பேச்சி.

சிந்துவிடம், நான் நடக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று கூப்பிடச் சொன்னேன். "அப்பா!" என்றாள். விரல் அசையவில்லை.

"அப்பா"வுக்கு அசையாதுதான்.

29 ஏப்ரல்

நேரம் 3.2 ஆகிவிட்டது. நல்ல முன்னேற்றம், பின்பக்கமாக. ஆனால் ஓட்டத்தில் ஒரு தடவைகூட "ஃபிங்கர்!" என்று எச்சரிக்கிற சத்தம் வரவில்லை. கலீமுல்லா ஜூன் போட்டிக்கு என் பெயரைக் கேட்காமலே எழுதிவிட்டார்.

கண்ணை மூடினால்தான் அந்த மாடி தெரிகிறது என்று இல்லை. இப்போதெல்லாம் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதே தெரிகிறது. டீ டம்ளர் உருண்டு போய்த் தொட்டிச் சுவரில் நிற்கிறது. அதில் பாதி டீ சிந்தவேயில்லை. எதற்கு அது ஞாபகம்?

3 ஜூன்

போட்டி பார்க்க வருவதாகச் சக்தி சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் தாங்காது என்றேன். "ஒரு நாள் பிள்ளைங்க பாத்துக்குவாங்க. என் அண்ணன் சுடுறதை நான் பாக்கலன்னா எப்படி?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சாதாரணமாகத்தானா?

17 ஜூன்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கடை திறக்கும் முன் இரண்டு பேருமாக ஷட்டரைத் தூக்கினோம். "சக்தி" என்றேன். "என்னண்ணே?" ஆடித் தள்ளுபடிக்கு எவ்வளவு லைனிங் எடுக்கலாம் என்று கேட்டேன்.

20 ஜூன்

சொல்லவில்லை.

22 ஜூன் 2025, ஞாயிறு

பார்க்க வருகிறவர்களும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். வாசலில் வாடகைக்குக் கொடுத்தார்கள். சக்தி வாங்கி மாட்டிக்கொண்டே கலீமுல்லாவிடம், "பாய், எனக்கு ஒரு பக்கம் போதும். அரை வாடகை போட்டுக்குங்க" என்றான். கலீமுல்லா ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்து, பிறகு என்னைப் பார்த்தார். நான் மேகசினில் குண்டு எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது ஆட்டம். பன்னிரண்டு அட்டை, அதில் மூன்று வெள்ளை. கூரைமேல் புறாக்கள். பஸ்ஸர். எடுத்தது நன்றாகவே வந்தது. முதல் நாலு அட்டையும் நடுவில். அடுத்த தடுப்புக்கு ஓட ஆரம்பித்தேன். பாதி வழியில் —

"அண்ணே!"

உற்சாகத்தில் கத்திவிட்டான். அவ்வளவுதான். மற்றவர்களும்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் என் கால் நின்றுவிட்டது. துப்பாக்கி அட்டைகளைப் பார்த்தபடி, நான் அப்படியே நடுவில், மைல்கல் மாதிரி. சிந்து "ஓடுப்பா! ஓடு!" என்று அலறியது கேட்டது. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு பார்த்த நேரத் தாளில் அந்த இடைவெளி நாலேகால் விநாடி என்று இருந்தது. கைகளைக் குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் ஓடினேன். வெள்ளையில் ஒன்றும் படவில்லை.

பதினாலு பேரில் பதினோராவது இடம். எனக்குப் பின்னால் மூன்று பேர், அதில் ஒருவர் வரவேயில்லை. சிந்துவுக்கு ஆற்றாமை. "சித்தப்பா, நீங்க மட்டும் கத்தாம இருந்திருந்தா அப்பா ஏழாவது!" அவளைத் தோழி வீட்டில் அடையாறில் இறக்கிவிட்டோம். பிறகு காரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் ஓட்ட, அவன் பக்கத்து இருக்கையில். காரில் மட்டும்தான் நான் அவனுக்கு வலது பக்கம். நல்ல கண் என் பக்கம்.

சிக்னலில் நின்றோம். சக்தி கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"கூப்பிடணும்னு இல்லண்ணே. வாயில வந்துருச்சு."

"பரவால்லடா."

"நீ திரும்பல."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"விரலும் வெளியதான் இருந்துச்சு" என்றான். "நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. குற்றம் சொல்கிற சாயலும் இல்லை. பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பற்றி வீட்டில் வந்து சொல்வார்களே, அப்படி. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். சக்தி கையை நீட்டி என் முழங்கையைத் தட்டினான். போகலாம் என்று.

அப்போதுதான் அது தொண்டைவரை வந்தது. நாக்கில் ஏறி நின்றது. வாயைக்கூடத் திறந்தேன்.

அன்னிக்கு விரல் உள்ள இருந்துச்சுடா, சக்தி.