வேற்று ரத்தம்

தஞ்சாவூர்
ஜூன் 28

அன்புள்ள அத்தைக்கு,

பகலவன் எழுதுவது. நானும் குழந்தையும் அம்மாவும் இருக்கிறோம். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? கீழ்வேளூர்ப் பக்கம் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். வந்ததும் நடவுக்கு இறங்கிவிடாதீர்கள், உங்கள் முதுகு தாங்காது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

பிறந்தபோது குழந்தை ஒரு கிலோ அறுநூறு. இப்போது மூன்று இருநூறு. பவுடர் பால்தான், ஆனாலும் நன்றாகக் குடிக்கிறாள். எண்பத்தேழு நாள் ஆகிவிட்டது. நீங்கள் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் குழந்தையை நீட்டியபோது, "எம் பொண்ணத் தின்னுட்டு வந்தத எங்கிட்ட நீட்டாதீங்க" என்றீர்கள். குழந்தைக்கு என் ரத்த குரூப் என்று தெரிந்ததும், "வேத்து ரத்தம் வயித்துல கெடந்தா உடம்பு எத்தன நாளைக்குத் தாங்கும்" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இப்போது எழுதுகிறேன். பத்து வருஷமாக லேப்பில் ரத்தம்தான் பார்க்கிறேன்.

செம்மொழிக்கு ஓ, எனக்கும் குழந்தைக்கும் பி. அதனால் அவள் உயிர் போகவில்லை. குழந்தை பாதி வேற்று ஆள் என்பது நிஜம்தான். குரூப் மாற்றி ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினால் உடம்பு சண்டைக்கு வரும். கர்ப்பத்தில் அப்படி இல்லை. உடம்புக்குக் காவல் இருக்கும் செல்களில் சில, மற்றவற்றைச் சும்மா இருக்கச் சொல்லி அடக்கிவைக்கும். இன்னும் சில, நஞ்சுக்கொடி வேர்விட வழியே செய்து கொடுக்கும். செம்மொழியின் உடம்பும் எட்டு மாதம் குழந்தையை அப்படித்தான் வைத்துக்கொண்டது. விரட்டவில்லை, அத்தை.

கெட்டது வேறு இடத்தில். ஆரம்ப மாதங்களிலேயே நஞ்சுக்கொடி ஆழமாக வேர் பிடிக்கவில்லை. கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் மேலே வாய்க்காலில் வேகத்தைக் கூட்டுவார்கள், கரை உடையும். அவள் பிரஷர் அப்படித்தான் ஏறியது. வேர் ஏன் பிடிக்கவில்லை என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. தகப்பனுடைய பங்குக்குத் தாயின் உடம்பு சரியாகப் பழகாமல் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தப் பங்கு என்னுடையது. குழந்தை கேட்டு வாங்கிக்கொண்டது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளைகாப்பு முடிந்து அவள் உங்கள் வீட்டில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை போன் செய்து மெட்டி இறுகுகிறது, முகமும் வீங்கியிருக்கிறது என்றாள். "மாப்பிள்ளையக் கேளுடி, அவருக்குத் தெரியும்" என்று பின்னாலிருந்து நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. தலைப்பிரசவத்தில் இப்படி வீங்கத்தான் செய்யும், வெள்ளிக்கிழமை செக்கப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரித்தாள். "ஊரு பூரா யூரின் டெஸ்ட் பண்றவரு, பொண்டாட்டிக்கு மட்டும் வாயாலயே ரிப்போர்ட் குடுக்குறாரு பாரும்மா" என்று உங்களிடம் சொன்னாள்.

அன்று காலை நான் பார்த்ததில் பத்தொன்பது பேர் கர்ப்பிணிகள். பிரஷரால் யூரினில் புரதம் இறங்கினால் காட்டிக்கொடுக்கும் அதே டெஸ்ட்தான். ஒரு ஸ்ட்ரிப், ஒரு நிமிஷம். வியாழக்கிழமை அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது.

நீங்கள் எண்ணெய் தடவி மெட்டியைக் கழற்றினீர்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கவும் சொன்னீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. குழந்தைமேலும் இல்லை. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

கூட வேலை பார்க்கும் கமருன்னிஸா அக்கா போன வாரம் ஒரு கட்டுரை காட்டினார். வயிற்றில் இருக்கும்போது பிள்ளையின் செல்கள் கொஞ்சம் தாய்க்குள் போய்த் தங்கிவிடுமாம். தாயுடையதும் பிள்ளைக்குள் போகுமாம். பல வருஷம் கழித்தும் இருக்குமாம், உடம்பு விரட்டுவதில்லை. நான் நம்பாமல் நாலு இடத்தில் தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

அப்படியென்றால் செம்மொழி உங்கள் உடம்பில் கொஞ்சம் இருப்பாள், அத்தை. இந்தக் குழந்தையிடமும் இருப்பாள். என்னிடம் இல்லை. மூன்று வருஷம் கூடவே வாழ்ந்தேன். கட்டிக்கொண்டவனுக்கு அப்படி எதுவும் வருவதில்லை.

முதல் தூளி தாய்வீட்டுப் புடவையில்தான் கட்ட வேண்டும் என்று அம்மா காத்திருக்கிறார். கொக்கி மாட்டிவிட்டேன். குழந்தை இன்னும் பாயில்தான் தூங்குகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய புடவை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னோடு பேச வேண்டாம். அவளை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். நான் எதிரில் உட்கார்ந்து உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் அலையாதீர்கள். உங்கள் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தை.

உங்கள் மாப்பிள்ளை,
பகலவன்