நீங்கள் இல்லாத நாட்களின் மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை எழுதி உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன்.

நீங்கள் லாரியில் லோடு ஏற்றிப் போகும் நாட்களில் கருத்தடை மாத்திரை வீண்தானே என்று விட்டுவிடுவேன். வந்ததும் மறுபடி போடுவேன். இந்த மாதம் நாள் தள்ளிப்போய்விட்டது.

இன்று ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதும் நர்ஸ் அக்கா சிரித்துவிட்டார். "திருடன் வர்றப்ப மட்டும் பூட்டுற கதவாம்மா இது? அவர் இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் போடணும். இப்ப முதல்ல டெஸ்ட் பண்ணு."

எங்கள் வீட்டில் எல்லாருடைய மருந்துச் சீட்டையும் படித்துச் சொல்பவள் நான். என்னுடையதைக் கேட்கத்தான் இத்தனை நாள் கூச்சம்.

எனக்கு வந்திருக்கும் வேலை உத்தரவின் மேல், இன்னும் பிரிக்காத டெஸ்ட் அட்டை இருக்கிறது. ஒரு கோடு வந்தால் கர்ப்பம் இல்லை, வேலைக்குப் போகலாம். நினைத்தால் ஏனோ அழுகை வருகிறது. இரண்டு வந்தாலும் அழுவேன் போலிருக்கிறது.

லாரி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் என்னை எழுப்புங்கள்.

இப்படிக்கு,
பக்கத்தில் தூங்குவதுபோல் படுத்திருப்பவள்