பச்சை மையில் ஓர் எட்டு

நவம்பர் 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். மோட்டார் மறுபடி சத்தம். பழுது பார்க்கும் ஆள் வரவில்லை.
மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் செல்வராணி ஆதார் நகலுடன் வந்தாள். ஒரகடத்தில் புதுக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். தூத்துக்குடிக்காரி, நான்கு மாதமாக வேலை இல்லை. "உண்மை நகல்" என்று ஒப்பமிட்டுத் தர வேண்டுமாம். அசல் எங்கே என்றேன். "ஊர்ல இருக்கு சார்."
பச்சை மையில் ஒப்பமிட்டு, அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் முத்திரையும் வைத்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம். போட்டிருக்கக் கூடாது. மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.
பிறந்த வருடம் 1998. அந்த 8 கொஞ்சம் தடிமன்.

நவம்பர் 11, செவ்வாய்
மழை இல்லை. மின் கட்டண ரசீதை நகலெடுக்க ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பாபு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒர்த்தன் ஆதார்ல வருசத்த மாத்திகினு வேலைக்குப் போய்ட்டான்பா. போலீசு இங்க வந்து மிஷின் யார்துன்னு கேக்குது. மிஷினுக்கு இன்னா தெரியும்? குட்த்தத அடிக்கும்." என்னைப் பார்த்து, "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"
சர்க்கரை என்றேன்.
வீட்டுக்கு வந்து பாரதிய நியாய சன்ஹிதா, புதுத் தண்டனைச் சட்டப் புத்தகம் எடுத்தேன். குறித்தவை:
பிரிவு 337 – அரசு தரும் அடையாள ஆவணத்தைப் பொய்யாகப் புனைதல். ஆதார் என்று பெயரே இருக்கிறது. ஏழு ஆண்டு வரை, அபராதமும்.
பிரிவு 340 – போலி எனத் தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ பயன்படுத்தினால் அதே தண்டனை. தடித்த 8 ஒரு காரணமா?
பிரிவு 204 – வகிக்காத அரசுப் பதவியை வகிப்பதாகக் காட்டிச் செயல்படுதல். ஆறு மாதத்துக்குக் குறையாமல், மூன்றாண்டு வரை. இது எனக்கு. இரண்டு முறை படித்தேன்.
மாத்திரை மறந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்
செ. துணி காயப்போடும்போது கேட்டேன். மறைக்கவில்லை.
"மூணுதான் சார். ஒரு சுழி சுழிச்சு எட்டாக்கிட்டேன். இருவத்தெட்டுக்கு மேல எடுக்க மாட்டாவளாம். முப்பத்திரண்டுன்னா கெழவியா? பத்து வருசமா கம்பெனி லைன்ல நிக்குதேன், கை மறந்தா போச்சு?"
ஏழு ஆண்டு என்று சொன்னேன். கிளிப்பைக் கடித்தபடி நின்றாள்.
"ஒங்க பச்சக் கையெழுத்து இருந்தா உத்துப் பாக்க மாட்டாவன்னு நெனச்சேன் சார்."
விண்ணப்பத்தோடு நகலைத் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டாள். கம்பெனிக்கு ஆள் எடுத்துத் தரும் ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சரிபார்ப்பு.
மகள் போனில் பேசினாள். மோட்டார் பற்றி மட்டும் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்
வெயில். வடக்குப்பட்டுப் பக்கம் அந்த அலுவலகம். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. யாருக்காகப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.
மேசையில் இருந்த பையனிடம், செல்வராணியின் விண்ணப்பத்தில் பெயர்ப் பிழை, திருத்தித் தருகிறேன் என்றேன்.
"நீங்க இன்னா வேணும் அவங்களுக்கு?"
"வீட்டுக்காரர்."
பக்கத்து மேசை வரை சிரிப்பு. "வூட்டுக்காரரா! பெருசு, செம ஆளு நீ." வீட்டுச் சொந்தக்காரர் என்று சொல்லியிருக்க வேண்டும்.
நகலைப் புரட்டிப் பார்த்தான். "இந்தப் பச்ச மையெல்லாம் எவன் கேட்டான்? அவங்களே சைன் போட்டாப் போதும். நாளைக்கு கம்ப்யூட்டர்ல ஆதார் நம்பரத் தட்டினா ஜாதகமே வந்துடும்." நாளை பத்து மணிக்குள் விண்ணப்பம் திரும்ப வராவிட்டால் பட்டியலில் பெயர் இராதாம். சரி என்றேன். கொடுத்துவிட்டான்.
பேருந்து நிறுத்தத்திலேயே நகலைக் கிழித்தேன். முத்திரை இருந்த மூலையை மட்டும் இன்னும் பொடியாக.

நவம்பர் 14, வெள்ளி
மேகம். மோட்டார் ஆள் வந்தான், கெப்பாசிட்டர் போயிருந்ததாம்.
பதினொரு மணிக்குச் செ. இறங்கி வந்தாள். பட்டியலில் பெயர் இல்லை. வீட்டுக்காரர் வந்து வாங்கிப்போனதாகச் சொன்னார்களாம். கோபமாக வருவாள் என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அழுதிருந்தாள்.
"நான் செயிலுக்குப் போயிரக் கூடாதுன்னா சார் போய் வாங்கினீங்க?"
ஆமாம் என்றேன்.