முறிந்தது யார்?

ஒக்லாந்தின் கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதியில் நேற்று நோர்வேயின் பழுப்புச் சீஸைக் கண்டேன். வாங்கவில்லை, காலாவதித் திகதி அழிந்திருந்தது. ஆனாலும் அதன் முன்னால் நின்று உங்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

1997 ஜூன் 14, சனிக்கிழமை. வெள்ளி என்று கடைசிவரை சாதித்தீர்கள், சனிதான். உங்கள் மகள் வீட்டுக் குசினி மேசையில் அந்தச் சீஸை ஏடு ஏடாகச் சீவி என் முன் வைத்தீர்கள்.

"இதென்ன, சீஸோ, எங்கட தொதல் இனிப்போ?"

"முதலியார், இதுக்கும் சாட்சி வேணுமோ? சாப்பிடுங்கோ!"

யாழ்ப்பாண நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக, பழைய பதவிப்பெயரில் முதலியாராக, இருந்த என்னை அப்படித்தான் சீண்டுவீர்கள்.

மேசையில் ஒரு நோர்வே நீதிமன்றக் கட்டளை. ஒக்லாந்தில் படகு கட்ட வந்த நோர்வேக்காரர் ஒருவரின் பழைய கம்பனி நோர்வேயில் நொடித்து மூடப்பட்டிருந்தது. இங்கே நியூசிலாந்தில் புதுக் கம்பனி தொடங்க, கட்டளையின் ஆங்கில வடிவம் தேவைப்பட்டது. நோர்வேயின் பேர்கனில் மரக்கறிக்கடை நடத்திய நீங்கள் அதைத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதை வாசிப்பேன், நீங்கள் திரும்ப நோர்வே மொழியில் சொல்லவேண்டும், அம்மொழி அறியாத நான் மூலத்தில் விரல் வைத்து ஒலியை ஒத்துப்பார்ப்பேன். உங்களை நான் நம்பவில்லை.

கடனில் ஆள் முறிந்தாலும் கம்பனி முறிந்தாலும் அங்கே 'கொன்கூர்ஸ்' ஒன்றுதான். இங்கே ஆள் என்றால் பாங்க்ரப்ட். அவர் கம்பனி நடத்த முடியாது. கம்பனி என்றால் லிக்விடேஷன், ஆளுக்குத் தடை இல்லை. கம்பனிக்கும் படகுக்காரரின் பெயரே இருந்தது. நான் பாங்க்ரப்ட் என்று எழுதினேன். என் பேனையைப் பிடித்துவிட்டீர்கள்.

"கம்பனிதான் முறிஞ்சது, அந்தாள் முறியேல்லை. பேருக்குப் பின்னால நிக்கிற ரெண்டு எழுத்தைப் பாருங்கோ. அது கம்பனிக்குத்தான் போடுறது."

"ஏன் துடிக்கிறியள்? அவர் மீன் கீன் தந்தவரோ?"

பேனையை விடாமலே சொன்னீர்கள்:

"பேர்கனில என்ர கடைக் கம்பனி மூடேக்க, வந்த மொழிபெயர்ப்பாளர் நானும் முறிஞ்சதாத் தமிழில சொல்லி, என்னையும் சேர்த்து முறிச்சுப்போட்டார். மனுசி நம்பினா. சனம் இண்டைக்கும் நம்புது."

அதையும் நான் உடனே நம்பவில்லை. அகராதியில் அந்த இரண்டு எழுத்தையும் தேடிக் கண்ட பிறகே திருத்தினேன். படகுக்காரர் கம்பனி தொடங்கினார்.

உங்கள் இறுதிச் சடங்கன்று, மங்கரே மண்டப வாசலில் உங்கள் உறவினர் ஒருவர் என் காதருகே குனிந்தார்.

"நல்ல மனுசன். ஆனா நோர்வேயில முறிஞ்சுபோய்த்தானே இங்க வந்தவர்."

"ஆர் முறிஞ்சது? ஆளோ, கம்பனியோ? எந்த நீதிமன்றம், எந்தத் திகதி?"

அவர் தேநீர் மேசைப் பக்கம் நழுவினார். பின்னாலேயே போய் மறுபடியும் கேட்டேன். எவரைப்பற்றி எவர் அப்படிச் சொன்னாலும், இன்றும் கேட்கிறேன்.